பழைய கம்ப்யூட்டரில் புது கேம்: கேள்வி பதில்

பழைய ஹோம் கம்ப்யூட்டர்களில் கேம் எழுதிப் பார்க்கும் சென்னை நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

அம்பத்தூர் வாசகர்: அண்ணா, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமில் பின்னணியை நகர்த்தினால் திக்கித் திக்கி ஓடுகிறது. முழுக்க அசெம்பிளியில்தான் (சிப்பின் சொந்தக் கட்டளைகளில்) எழுதியிருக்கிறேன். ஏன் இப்படி?

அசெம்பிளி என்றாலும் கணக்கு கணக்குதான், தம்பி. ஸ்பெக்ட்ரமின் சிபியு 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80 சிப், திரையில் நொடிக்கு 50 ஃப்ரேம் (படம்). ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 69,888 கிளாக், அதாவது சிப்பின் துடிப்பு. திரை 6,912 பைட். மெமரியை நகலெடுக்கும் எல்டிஐஆர் கட்டளை பைட்டுக்கு 21 கிளாக் தின்னும். பெருக்கினால் 1,45,152, அதாவது இரண்டு ஃப்ரேமுக்கும் மேலே. எதிரி இன்னும் ஓர் அடி நகரவில்லை, எந்த சாவி அமுங்கியது என்றுகூடப் பார்க்கவில்லை!

ஸ்டாக் என்ற மெமரி அடுக்கிலிருந்து எடுக்கும் பாப், அதில் வைக்கும் புஷ் கட்டளைகளை வைத்து நகலெடுத்தால் 21 கிளாக்குக்கு 2 பைட். அப்படியும் 72,576 ஆகிறது. அடுக்கின் உச்சியைக் காட்டும் ஸ்டாக் பாயின்டரை மாற்றி மாற்றி வைக்கும் செலவு தனி. இன்டரப்டை (நடுவில் சிபியுவை வேறு வேலைக்கு இழுக்கும் அழைப்பை) நிறுத்தாமல் இதைச் செய்தால், திரும்பி வர வேண்டிய இடத்தைச் சொல்லும் ரிட்டர்ன் அட்ரஸ் திரையில் போய் உட்காரும்.

அதனால் முழுத் திரையை நகர்த்தும் ஆசையை விட்டுவிடுங்கள். அசைந்த இடத்தை மட்டும் அழித்து வரையுங்கள், இல்லையென்றால் அறை அறையாக மாறும் கேமாக எழுதுங்கள். அப்புறம், அவசர வேலை செய்யும் புரோகிராம் பகுதியை 32768-ஆம் மெமரி முகவரிக்கு மேலே வையுங்கள். அதற்குக் கீழே உள்ள 16 கேபி ராமில் வீடியோ சிப் குறுக்கே வந்து சிபியுவைக் காக்க வைக்கும்.

மயிலாப்பூர் வாசகி: என் ஹீரோ மரத்தைத் தாண்டும்போது அவன் நிறம் மரத்திலும் ஒட்டிக்கொள்கிறதே?

ஸ்பெக்ட்ரமில் 8×8 புள்ளிக் கட்டத்துக்கு இரண்டே நிறம்தான், மேடம். தப்பிக்க வழியில்லை. ஆட்டக்களத்தை ஒரே நிறத்தில் வைத்து, ஸ்கோர் பட்டையில் வண்ணத்தைக் கொட்டுங்கள். பார்க்க அழகாகவே இருக்கும்.

தாம்பரம் வாசகர்: 32 கேபி மெமரி உள்ள பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரில் எலைட் என்ற விண்வெளி கேம் இத்தனை கிரகங்களை எப்படி அடக்கியது, சார்?

அடக்கவே இல்லை. 1984-இல் வந்த அந்த கேமில் 8 கேலக்ஸி, ஒவ்வொன்றிலும் 256 கிரகம். ஆனால் பட்டியல் எதுவும் கிடையாது. 6 பைட் விதை எண்ணை எடுத்துக் கூட்டி, சுழற்றி, கிரகத்தின் பெயரையும் பொருளாதாரத்தையும் தேவைப்படும்போது கணக்கிட்டுக்கொள்ளும். விதை அதேதான் என்பதால் ஒவ்வொரு முறையும் அதே கிரகம் வரும். எனக்குத் தெரிந்து மெமரியை மிச்சம் பிடிப்பதில் இதைவிடக் கெட்டிக்காரத்தனம் கிடையாது. அதே ஆண்டு தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்ததும் இதே பிபிசி மைக்ரோதான்.

பெரம்பூர் வாசகர்: சைன் கணக்குப் போட்டால் வேகம் படுத்துவிடுகிறது.

இசட்80-இல் பெருக்கல் கட்டளையே இல்லை, சைனுக்கு எங்கே போவது? சைன் மதிப்புகளை முன்பே கணக்கிட்டு 256 பைட் அட்டவணை போட்டு, அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கொளத்தூர் வாசகர்: ஸ்பெக்ட்ரமுக்கு ரிச்சி தெருவில் அடாப்டர் வாங்கலாமா?

வாங்கலாம். 9 வோல்ட் டிசி. ஆனால் இதற்கு நடுப்பின் நெகட்டிவ். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நடுப்பின் பாசிட்டிவ். கடைக்காரர் என்ன சொன்னாலும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே செருகுங்கள்.