இறையியல் படித்தால் பக்தி போய்விடுமா?

இறையியல் கல்லூரி ஒன்றில் 31 வருடம் புதிய ஏற்பாடும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். அதனால் சமயப் படிப்பு பற்றி வந்த கடிதங்களை ஆசிரியர் மொத்தமாக என் பக்கம் தள்ளிவிட்டார். நாலு கடிதங்களுக்கு இங்கே பதில்.

கேள்வி: ப்ளஸ் டூ முடித்திருக்கிறேன். இறையியல் படிக்க ஆசை. ஆனால் எங்கள் சபையில் ஓர் அண்ணன், "அங்கே வேதத்தைச் சந்தேகப்படத்தான் கற்றுக்கொடுப்பார்கள், இருக்கிற விசுவாசமும் போய்விடும்" என்கிறார். உண்மையா?
— வாசகி, சாத்தான்குளம்

பதில்: பாதி உண்மை. முதல் வருடம் ஆட்டம் காணத்தான் செய்யும். எனக்கும் கண்டது. ஆனால் சந்தேகத்தை வாத்தியார் வெளியிலிருந்து கொண்டுவருவதாக அந்த அண்ணன் நினைக்கிறார். அங்கேதான் தப்பு.

உன் வீட்டில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொள், அம்மா. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் 'தேவன்' என்று வருகிற இடத்திலெல்லாம் கோடு போடு. இரண்டாம் அதிகாரம் நாலாம் வசனத்துக்கு வரும்போது அது 'தேவனாகிய கர்த்தர்' என்று மாறியிருக்கும். எபிரெயத்தில் முன்னது எலோஹிம், பின்னது யாவே எலோஹிம். பெயர் மட்டுமல்ல, வரிசையும் மாறுகிறது. முதல் அதிகாரத்தில் மிருகங்கள் வந்தபிறகு ஆணும் பெண்ணுமாக மனிதர். இரண்டாவதில் முதலில் மண்ணிலிருந்து மனிதன், அப்புறம் மிருகங்கள், கடைசியில் பெண். இரண்டு வெவ்வேறு மரபுகளைப் பிற்காலத்தில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று வகுப்பில் சொல்வார்கள். நீ சின்ன வயதிலிருந்து வாசித்துவருகிற அதே பக்கம்தான். பென்சில்தான் புதிது.

புதிய ஏற்பாட்டிலும் இப்படித்தான். மத்தேயு நற்செய்தியில் இயேசு மலைமேல் ஏறி, "ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்கிறார். லூக்காவில் சமனான ஓர் இடத்தில் நின்றுகொண்டு, "தரித்திரராகிய நீங்கள் பாக்கியவான்கள்" என்கிறார். ஆவியில் எளிமை வேறு, அடுப்பில் உலை வைக்க அரிசி இல்லாதது வேறு. இரண்டு பேரும் ஏன் இப்படி எழுதினார்கள், யாருக்காக எழுதினார்கள் என்று கேட்பதுதான் பாடம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா கிராமத்துச் சபை உபதேசியார். முதல் வருட விடுமுறையில் ஊருக்குப் போனபோது, "தம்பி பிரசங்கம் பண்ணட்டும்" என்றார்கள். நான் இந்த ஆதியாகம விஷயத்தை எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் விளாசினேன். அப்பா தலை நிமிரவே இல்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏ தம்பி, என்னமோ நெறைய படிச்சிருக்க, நல்லாரு. எனக்கு முட்டு வலி தாங்கல, ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போ." வேப்பமரத்தடியில் நின்று ஜெபம் செய்தேன். வார்த்தை வரவில்லை. பாட்டிதான் முடித்துவைத்தாள்.

விசுவாசம் போய்ப் படிப்பை விட்டவர்கள் என் வகுப்புகளில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். எனக்கு அவர்களைவிடக் கவலை தந்தவர்கள் வேறு. பரீட்சைத் தாளில் 'இரண்டு மரபுகள்' என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்தில் அதைக் கேள்விப்படாதவர் போலப் பேசுகிறவர்கள். நீ போ. படி. அந்த அண்ணனிடமும் ஒரு பென்சிலைக் கொடுத்துவிட்டுப் போ.

கேள்வி: பி.எஸ்சி. முடித்த என் மகள் இறையியலில் பி.டி. பட்டம் படிக்கப் போகிறேன் என்கிறாள். அது சரியான பட்டம்தானா? பெண்ணுக்கு அதில் என்ன எதிர்காலம்?
— ஒரு தகப்பனார், நாகர்கோவில்

பதில்: பட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். வங்காளத்தின் செராம்பூரில் கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மிஷனரிகள் மூவரும் 1818இல் கல்லூரி தொடங்கினார்கள். அந்த ஊர் அப்போது டென்மார்க்கின் கையில் இருந்தது. பட்டம் வழங்கும் உரிமையை 1827இல் டென்மார்க் மன்னர் கொடுத்தார். நம் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்ததே 1857இல்தான். மதுரை அரசரடி, சென்னை குருகுலம், பெங்களூர் என்று எந்த ஊர் இறையியல் கல்லூரியில் படித்தாலும் பட்டம் செராம்பூர் பெயரில் வரும்.

தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் 1976 முதல் குருப்பட்டம் பெறுகிறார்கள். 2013இல் ஆந்திராவின் நந்தியாலில் ஒரு பெண் பேராயரே வந்துவிட்டார். ஆனால் பி.டி. முடித்தால் தானாக ஆயர் ஆகிவிட முடியாது. பேராயரின் கீழ் இயங்கும் திருமண்டலம் தேர்வு செய்து அனுப்பியிருக்க வேண்டும். சொந்தச் செலவில் படித்துவிட்டு, அப்புறம் அலுவலக வாசலில் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், பாவம். சேருமுன்பே இதைப் பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கல்லூரியில் கற்பிக்க விரும்பினால் மேலே எம்.டிஎச். என்ற முதுநிலைப் பட்டம் படிக்க வேண்டும். எதற்கும் அந்த பி.எஸ்சி. மார்க் ஷீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: நான் இந்து. கிறிஸ்தவத்தைப் பாடமாகப் படிக்க ஆர்வம். மதம் மாற்றிவிடுவார்கள் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
— வாசகர், விழுப்புரம்

பதில்: நீங்கள் தேடுவது இறையியல் கல்லூரி அல்ல, பல்கலைக்கழகம். இறையியல் கல்லூரி, விசுவாசத்துக்குள் நின்றுகொண்டு கேள்வி கேட்கிற இடம். பல்கலைக்கழகத் துறைக்கு அந்த நிபந்தனை இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறித்தவம், சைவ சித்தாந்தம், வைணவம், சமணம், இஸ்லாம் எல்லாவற்றுக்கும் துறைகள் இருக்கின்றன.

வீட்டில் சீகன்பால்கு என்ற ஜெர்மானிய மிஷனரியின் கதையைச் சொல்லுங்கள். மதம் மாற்றவென்றே 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். தமிழ் கற்று, இங்குள்ளவர்களிடம் கேட்டுக் கேட்டு, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூலே எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியவர்கள் அச்சிடவில்லை. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பிய ஆள் அதையே எழுதி அனுப்புகிறாரே என்று கடுப்பு. கடைசியில் அது அச்சேறியது 1867இல், நம் சென்னையில். மாரியம்மனையும் ஐயனாரையும் பற்றி அத்தனை விசாரித்தும் அந்த மனிதர் கிறிஸ்தவராகவேதான் இறந்தார்.

கேள்வி: கிரேக்கம் படித்தே ஆக வேண்டுமா? ஆங்கிலமே தகராறு.
— வாசகர், தூத்துக்குடி

பதில்: ஆங்கிலம் தகராறு என்றால் நல்லதுதான். கிரேக்கம் நம் பக்கம். 'வந்தேன்' என்றாலே நான் என்பது அதற்குள் இருக்கிறதல்லவா, கிரேக்க வினையும் அப்படித்தான். வேற்றுமையும் நமக்குப் பழகினதே. 24 எழுத்து, ஒரு வாரத்தில் வந்துவிடும்.

ஒரே இடத்தில் நாம் அவர்களைவிட ஒரு படி மேலே. நமக்கு 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் தமிழில் மொழிபெயர்க்கிறவர் ஒவ்வொரு இடத்திலும் முடிவெடுத்தாக வேண்டும். மாற்கு நாலாம் அதிகாரத்தில் படகில் புயல். இயேசு தலையணையில் தலை வைத்துத் தூங்குகிறார். சீஷர்கள் எழுப்பி, "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்கிறார்கள். 'நாங்கள்' என்றால் இயேசு அதில் சேரவில்லை. இது சரியா என்று வகுப்பில் கேட்டேன். அவர் தெய்வம், எப்படி மடிவார், 'நாங்கள்'தான் சரி என்றது ஒரு கட்சி. கடைசி பெஞ்சில் உங்கள் ஊர்க் கடற்கரைப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், நான் கடலுக்குப் போயிருக்கேன். படகு முங்கப் போகுதுன்னா 'நாம செத்தோம்'னுதான் கத்துவோம். தூங்குறவனையும் சேத்துத்தான்."