கனடாவில் பனி அகற்றும் சிறுதொழில் தொடங்க எந்த இயந்திரத்தை முதலில் வாங்க வேண்டும்?

ஸ்காபரோவில் உள்ள சிறிய கடைத்தொகுதிகளுக்குப் பனி அகற்றும் தொழிலைத் தொடங்க இருப்பதாகவும், கையில் ஒரு பிக்கப் ட்ரக் இருப்பதாகவும், அடுத்து எதில் பணம் போடலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது குளிர்காலங்களாக இதே வேலையைச் செய்பவன் என்ற முறையில், இயந்திரத்தைப் பார்க்கப் போகும் முன் இடங்களைத் தெரிவு செய்யுங்கள் என்பேன். பனி நிற்பதற்கும் கடை திறப்பதற்கும் இடையே கிடைப்பது மூன்று, நான்கு மணித்தியாலங்கள்தான். அதில் பாதியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓடுவதில் கழித்தால், எவ்வளவு வலுவான இயந்திரமும் உங்களைக் காப்பாற்றாது.

ஓர் ஏக்கர் வாகனத் தரிப்பிடத்தில் 5 சென்ரிமீற்றர் பனி விழுந்தால், அது ஏறத்தாழ 200 கனமீற்றர். உலர்ந்த புதுப்பனி கனமீற்றருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் 20 தொன். வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி இருக்கும்போது விழும் ஈரப்பனி இதைப்போல இரண்டு, மூன்று மடங்கு கனக்கும். ட்ரக்கின் முன்னால் பூட்டும் நேரான ப்ளவ்வை, அதாவது பனி தள்ளும் தகட்டைச் சரித்துத் தள்ளும்போது பனி ஓரத்தில் வரப்புப் போல வழிந்து நிற்கும். அதை அள்ள மறுபடி ஓட வேண்டும். இரு பக்கமும் சுவர் வைத்த பெட்டி வடிவத் தள்ளியில் அந்த வழிசல் இல்லை, ஒரே ஓட்டத்தில் முழுவதையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். ஆனால் அதைப் பூட்டும் பாப்கேட் என்ற சிறிய சுமையேற்றி இயந்திரத்தை ஒவ்வோர் இடத்துக்கும் ட்ரெயிலரில் ஏற்றிச் செல்ல வேண்டும், அல்லது பருவம் முழுவதும் ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். எனவே பெரிய வளாகம் ஒன்று கைக்கு வரும் வரை அது வேண்டாம். மூன்று, நான்கு சிறு தொகுதிகளுக்கு, உங்கள் ட்ரக் தாங்குமானால், 'வி' வடிவில் மடங்கும் ப்ளவ்வே போதும்: இறுகிய பனியைக் கூர்முனையால் பிளக்கலாம், உட்பக்கம் குவித்து அள்ளியும் செல்லலாம்.

கூலி கரைவது தரிப்பிடத்தில் அல்ல, நடைபாதையில். பனியை அள்ளித் தூர வீசும் ஸ்னோ புளோவர்களில், சுருள் அள்ளியதை விசிறி வீசும் இரண்டு கட்ட வகையின் சுருள் நிலத்தைத் தொடாமல் சற்று உயர்ந்தே சுழல்வதால் அடியில் ஒரு மெல்லிய படலம் எஞ்சும். ரப்பர் துடுப்புள்ள ஒற்றைக் கட்ட இயந்திரம் கொன்கிறீட்டைச் சுரண்டியபடி போகும், அதனால் உப்புச் செலவும் குறையும். சாதாரணப் பனிக்கு நான் ஒற்றைக் கட்ட இயந்திரத்தைத்தான் எடுக்கிறேன். இரண்டு கட்ட இயந்திரத்தின் சுருளில் இருக்கும் வெட்டு ஆணி, ஏதாவது சிக்கினால் தான் முறிந்து கியர்பெட்டியைக் காப்பதற்காகவே மென்மையாகச் செய்யப்பட்டது. இரண்டாவது குளிர்காலத்தில் அது அடிக்கடி முறிகிறதே என்று எரிச்சலடைந்து கடினமான போல்ட் ஒன்றை முறுக்கினேன். அதிகாலை நான்கு மணிக்குப் பனிக்குள் உறைந்து கிடந்த ஒரு பத்திரிகைக் கட்டு சிக்கியது. போல்ட் அசையவில்லை, கியர்பெட்டி போனது. இன்று என் சட்டைப்பையில் எப்போதும் ஆறு ஆணிகள் இருக்கின்றன. அடைப்பை எடுக்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பிறகும் கையை உள்ளே விடாமல் கம்பால் தள்ளுங்கள்; நின்ற இயந்திரத்திலும் சுருளில் இறுக்கம் தேங்கியிருக்கும்.

உப்பு விடயத்தில் பலர் பணத்தைத் தெருவில் கொட்டுகிறார்கள். சாதாரண உப்பு -10 பாகைக்குக் கீழே மிக மெதுவாகவே வேலை செய்யும். அப்போது இரு மடங்கு போடுவது வீண், கல்சியம் குளோரைட் கலந்ததை எடுக்க வேண்டும். பார்க்க வேண்டியது காற்றின் வெப்பநிலையை அல்ல, தரையின் வெப்பநிலையை. அதற்குக் கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி போதும். முதலில் சுரண்டுங்கள், பிறகு தூவுங்கள். பனி வருவதற்கு முன்னரே 23 வீத உப்புக் கரைசலைத் தெளித்துவிட்டால் பனி தரையோடு ஒட்டாது. மறுநாள் காய்ந்த தரையில் உப்பு மணிகள் கிடந்தால், அளவுக்கு மேல் போட்டிருக்கிறீர்கள்.

ஒப்பந்தங்களில் பாதியைப் பருவத்துக்கு ஒரே தொகையாகவும், மீதியை ஒவ்வொரு வருகைக்கும் எனவும் எழுதுங்கள். பனி குறைந்த ஆண்டில் முதலாவதும், கூடிய ஆண்டில் இரண்டாவதும் கைகொடுக்கும். கையெழுத்திடும் முன் காப்புறுதிக் கட்டணத்தைக் கேட்டறியுங்கள், வழுக்கி விழுந்தவர் தொடுக்கும் வழக்குகளால் அது மலைக்க வைக்கும். ஒன்ராறியோவில் 2021 ஜனவரி 29 முதல், தனியார் இடத்தில் பனியில் விழுந்தவர் பொதுவாக 60 நாட்களுக்குள் இடத்தின் பொறுப்பாளருக்கோ பனி அகற்றும் ஒப்பந்தக்காரருக்கோ எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் வரும் நாளில் உங்களிடம் இருக்க வேண்டியவை, நேரம் பதிந்த படங்களும் எத்தனை மணிக்கு எவ்வளவு உப்புப் போட்டீர்கள் என்ற குறிப்பும்.

நவம்பரில், நிலம் உறையும் முன்பே, நடைபாதை விளிம்புகளுக்கும் தீயணைப்புக் குழாய்களுக்கும் அருகே அடையாளக் குச்சிகளை நட்டுவிடுங்கள். பனியை எங்கே குவிப்பது என்பதையும் அப்போதே உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். அவர் வாகனங்களுக்கு இடம் வேண்டுமென்று மேட்டுப் பக்கத்தைக் காட்டுவார், ஒப்புக்கொள்ளாதீர்கள். மேட்டில் குவித்த பனி மதிய வெயிலில் உருகித் தரிப்பிடம் முழுவதும் வழிந்து, இரவில் கண்ணாடியாக உறையும். பனி விழாத நாளிலும் நீங்கள் உப்போடு ஓட வேண்டியிருக்கும்.