கால் வீக்கம் வடியவில்லை. பிரஷர் மட்டும் ஏன் இறங்குகிறது?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். டிரை வெயிட் (கூடுதல் நீர் எல்லாம் போனபின் இருக்க வேண்டிய எடை) 60 கிலோ. ஒவ்வொரு தடவையும் 4 கிலோ ஏறித்தான் போகிறார். மூன்றாவது மணி நேரத்தில் பிரஷர் இறங்கி, கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது. ஆனால் கால் வீக்கம் அப்படியே இருக்கிறது. உடம்பில் நீர் இருக்கும்போதே ஏன் இப்படி? - வாசகி, காசிமேடு

பதில்: நீங்கள் பார்க்கும் வீக்கம் ரத்தக் குழாய்க்கு வெளியே தேங்கிய நீர். மெஷினுக்குக் கிடைப்பதோ குழாய்க்குள் ஓடும் ரத்தம் மட்டும். அவர் எடைக்கு அது நாலு, நாலரை லிட்டர் இருக்கும். அதில் நீர்ப்பகுதி சுமார் மூன்று லிட்டர்தான். அப்புறம் எப்படி நாலு லிட்டர் எடுக்கிறார்கள்? எடுக்க எடுக்க, வெளியே தேங்கியது குழாய்க்குள் ஊறி வருகிறது. கிணற்றில் மோட்டார் போட்ட கதைதான். ஊற்றை மிஞ்சி மோட்டார் இழுத்தால், சுற்றிலும் மண்ணில் ஈரம் இருந்தும் கிணறு வற்றிவிடும். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைவென்றால் ஊற்று இன்னும் மந்தம்.

மெஷின் நீர் எடுக்கும் வேகம், எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 13 மில்லியைத் தாண்ட வேண்டாம் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோவுக்கு 780 மில்லி. நாலு மணி நேரத்தில் 3 லிட்டர் சொச்சம். உங்கள் கணவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் போகிறது. பிரஷர் இறங்காமல் என்ன செய்யும்?

தண்ணீருக்காக அவரோடு சண்டை போடாதீர்கள். உப்பைத் தின்றவன் தண்ணி குடித்துத்தானே ஆகவேண்டும்! 9 கிராம் உப்பு உடம்பில் ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும். காசிமேட்டுக்காரரிடம் கருவாடு வேண்டாம் என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனால் ஊறவைத்துக் கழுவினாலும் அதன் உப்பு முழுக்கப் போகாது. பச்சை மீனை உப்பு குறைத்துச் சமையுங்கள். ஊறுகாய், அப்பளம் கூடாது. கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்பைத் தொடவே வேண்டாம். அதில் பொட்டாசியம் இருக்கும், இதயத்துக்கு ஆபத்து.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: டயாலிசிஸ் நேரத்தை அரை மணி, ஒரு மணி கூட்டலாமா? டிரை வெயிட்டை மறுபடி பார்க்கலாமா? சதை போட்டிருந்தால் பழைய எண் இப்போது பொருந்தாது. அன்றைய பிரஷர் மாத்திரையை டயாலிசிஸ் முடிந்த பிறகு போடலாமா? அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை போடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள்; அந்த மாத்திரையாலேயே சிலருக்குக் கால் வீங்கும்.

மெஷினில் இருக்கும்போது வயிறு நிறைய இட்லி வேண்டாம், ரத்தம் குடலுக்குத் திரும்பிப் பிரஷர் இறங்கும். கொட்டாவியோ வியர்வையோ வந்ததுமே சிஸ்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். கால் இழுக்கும்வரை பொறுத்திருக்க வேண்டாம்.