வாசகர் கேள்வி பதில்: வெள்ளைக்காரன் கட்டிய இடத்தில் நமக்கு என்ன இருக்கிறது?

கேள்வி: காரைக்குடியிலிருந்து மாமனாரும் மாமியாரும் சிங்கப்பூர் வந்திருக்கிறார்கள். தேக்கா, பூமலை எல்லாம் காட்டியாச்சு. இரண்டு பேரும் நன்றாக நடப்பார்கள். சிட்டி ஹால் பக்கம் ஒருநாள் போகலாம் என்றால், “அங்கே எல்லாம் வெள்ளைக்காரன் கட்டடம், நமக்கு என்ன இருக்கு?” என்கிறார் மாமா. காசு கொடுத்து வழிகாட்டி வைத்துத்தான் பார்க்க வேண்டுமா?
– வாசகி, ஈசூன்

பதில்: வழிகாட்டி வேண்டாம், நீங்களே கூட்டிப்போங்கள். மாமாவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: திட்டம் போட்டவன்தான் வெள்ளைக்காரன், கல்லும் மண்ணும் சுமந்தவர்களில் நம் ஆட்கள் ஏராளம்.

வெயில் கொஞ்சம் தணிந்ததும், நாலரை மணிவாக்கில் சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1862ல் அர்ப்பணிப்பு விழா கண்ட இதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் 1873 வரை சிங்கப்பூருக்கு அப்படிக் கைதிகள் அனுப்பப்பட்டார்கள். எல்லாரும் தமிழர்கள் இல்லை, வங்காளம், பம்பாய், மதராஸ் மூன்று பக்கமிருந்தும் வந்தார்கள். ஆனால் உள்சுவர்களுக்குப் பூசிய பூச்சு நம் ஊர்ச் சரக்கு, அதற்கு ‘மெட்ராஸ் சுனம்’ என்றே பெயர். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை மூன்றையும் கூழாகக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுக் கலந்து பூசி, காய்ந்ததும் வழுவழுப்பான கல்லால் பளபளவென்று வரும்வரை தேய்ப்பார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவி வளர்ந்த உங்கள் மாமியாருக்கு இதை விளக்கவே வேண்டாம், அவரே உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்.

அங்கிருந்து பாடாங். 1943 ஜூலையில் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டது இந்தப் புல்வெளியில்தான். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் சேர்ந்தவர்களில் மலாயா ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். எதிரே எஸ்பிளனேட் பூங்காவில், அந்த ராணுவத்தில் உயிர்விட்டவர்களுக்காக 1945ல் எழுப்பிய நினைவுச் சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினார்கள். 1995ல் அதே இடத்தில் ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். சின்னதுதான், தேடிப் பாருங்கள், விட்டுவிடாதீர்கள். (கால் வலித்தால் நேஷனல் கேலரிக்குள் போய்க் கொஞ்ச நேரம் குளிர்ச்சியாக உட்காரலாம். 1945 செப்டம்பர் 12ல் ஜப்பானியர் சரணடைந்த நகர மண்டபம்தான் அதில் ஒரு பாதி.)

அப்புறம் எம்பிரஸ் பிளேஸ். விக்டோரியா அரங்கின் பக்கத்தில் டல்ஹௌசி தூண் நிற்கும். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி 1850ல் வந்துபோனதற்காக வைத்தது. எல்லாரும் அதைக் கடந்து போய்விடுகிறார்கள், நீங்கள் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்), சீனம், தமிழ் என்று நான்கு மொழியில் கல்வெட்டு இருக்கும். தமிழ் பக்கத்தின் முன்னால் மாமாவை நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள், “நமக்கு என்ன இருக்கு” என்ற கேள்விக்கு வேறு பதிலே தேவைப்படாது. இந்த நடையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கேவனா பாலத்தில் ஆற்றைக் கடந்து, ராஃபிள்ஸ் பிளேஸ் வழியாக மார்க்கெட் ஸ்ட்ரீட் போங்கள். செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த தெரு. ஒரே கூடத்தில் பல கடைக்காரர்கள், ஆளுக்கு ஒரு பெட்டியும் கணக்குப் புத்தகமுமாகத் தரையில் உட்கார்ந்து வட்டிக்குக் கொடுத்த இடம். இன்று அடையாளமே இல்லை, எல்லாம் வானளாவும் கட்டடம். ஆனாலும் காரைக்குடிக்காரர் அந்தத் தெருவில் நிற்பது வேறு. அவர் குடும்பத்தில் யாராவது இங்கே கொண்டுவிற்கப் போனார்களா என்று அங்கே வைத்துக் கேளுங்கள்.

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் முடியுங்கள். மதியம் நடை சாத்தி மாலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள், நேரம் சரியாக இருக்கும். அதே வரிசையில் சூலியா முஸ்லிம்கள் (சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள்) 1826ல் நிறுவிய ஜாமியா பள்ளிவாசல். மொத்த நடையும் மூன்று கிலோமீட்டருக்குள்தான். குடை கட்டாயம்.

கேள்வி: பிரிட்டிஷ் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸுக்கு இரண்டு சிலை இருக்கிறதே, எது அசல்?
– வாசகர், ஜூரோங்

பதில்: விக்டோரியா அரங்கின் முன்னால் இருக்கும் கறுத்த வெண்கலச் சிலைதான் அசல். 1887ல் பாடாங்கில் வைத்தார்கள், 1919ல் இங்கே மாற்றினார்கள். ஆற்றங்கரையில் இருக்கும் வெள்ளைச் சிலை அதைப் பார்த்து 1972ல் வார்த்த நகல். 2019ல் ராஃபிள்ஸ் வந்திறங்கிய இருநூறாம் ஆண்டை ஒட்டி அந்த வெள்ளைச் சிலைக்குப் பக்கத்தில் மேலும் நான்கு சிலைகள் வைத்தார்களே, அதில் ஒருவர் நாராயண பிள்ளை. 1819ல் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை வந்தபோது கூடவே பினாங்கிலிருந்து கப்பலேறியவர். தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார், 1827ல் மாரியம்மன் கோயிலை நிறுவினார். ஆனால் அவர் சிலையை அங்கே சில நாள்தான் வைத்திருந்தார்கள். நிரந்தரமாகவே விட்டிருக்க வேண்டும், இப்போது திரும்ப வைத்தாலும் நல்லதுதான்.