மாறுகண் அறுவை சிகிச்சை: ஒரு கண்ணிலா, இரண்டு கண்ணிலுமா, எது சரி?

எனக்கு இடது கண் வெளிப்பக்கமாக ஓடும். "மாறுகண் அதிர்ஷ்டம்டா, கைவைக்காதே" என்று பாட்டி சொல்லியே 34 வயதாகிவிட்டது. ஷேர் ஆட்டோவில் எதிரே இருப்பவர் "என்னையா பார்க்கிறீங்க?" என்று கேட்டதுதான் அந்த அதிர்ஷ்டத்தில் கண்ட பலன்.

முதலில் போன இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்து, ஐந்தே நிமிடத்தில் இரண்டு கண்ணுக்கும் தேதி குறித்தார்கள். ஏன் இரண்டு என்று கேட்டால் பதில் இல்லை. நழுவிவிட்டேன்.

அடுத்து 1819-ல் தொடங்கிய எழும்பூர் கண்ணாஸ்பத்திரி. சீட்டு வரிசை உயிரை எடுக்கும். ஆனால் அளப்பதற்கே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். 6 மீட்டர் தள்ளி ஓர் எழுத்து. அளந்த அம்மா என் ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மறைத்தார். மறைப்பு நகரும்போதெல்லாம் கண் துள்ளும். ப்ரிஸம் பட்டையை (ஒளியை வளைக்கும் கண்ணாடித் துண்டுகளை வரிசையாக அடுக்கிய பட்டை) படிப்படியாக ஏற்றி, துள்ளல் நின்ற எண்ணை எழுதினார்: 30. கண் எவ்வளவு விலகுகிறது என்பதற்கான அளவு அது. பிறகு பேனா முனையைக் கிட்டத்தில் காட்டி அதே சோதனை. அதுவும் 30.

முடிவு இந்த எண்களில்தான் இருக்கிறது. தூரத்தில் மட்டும் அதிகமாக விலகும் கண்களுக்கு, வெளித்தசையை (கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் தசை) இரண்டு கண்ணிலும் பின்னுக்குத் தள்ளித் தைப்பது வழக்கம், இதுதான் ரிசெஷன். எனக்கு இரண்டும் சமம், போதாக்குறைக்கு இடது கண் சோம்பேறிக் கண் (பார்வை சரியாக வளராத கண்). அதனால் நல்ல கண்ணைத் தொடாமல், இடதில் மட்டும் வெளித்தசையைப் பின்னுக்குத் தள்ளி, உள்தசையைக் கொஞ்சம் வெட்டி இறுக்கினார்கள் (ரிசெக்‌ஷன்). எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு.

பெரியவர்களென்றால் சரிசெய்யக்கூடிய தையல் போட முடியுமா என்று கேளுங்கள். உருவு முடிச்சு போட்டு வைத்து, மயக்கம் தெளிந்தபின் மரப்புச் சொட்டு விட்டு, நம்மைப் பார்க்கச் சொல்லியே இறுக்குவார்கள், தளர்த்துவார்கள். வலியை விட, கண்ணுக்குள் நூல் இழுபடும் அந்த உணர்ச்சிதான்! அதை யோசித்தால் இப்போதும் பல் கூசுகிறது.

குழந்தைக்கென்றால் முதலில் சொட்டு மருந்து போட்டு பவர் பாருங்கள். அக்கா மகளுக்கு உள்பக்கம் திரும்பிய கண் ப்ளஸ் கண்ணாடியிலேயே நேரானது; கத்தியே தேவைப்படவில்லை.

ஒரு தடவை செய்தால் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிலருக்கு மறுபடியும் விலகும். எனக்கும் ராத்திரி கண் சொக்கும்போது லேசாக ஓடும், வீட்டுக்காரி மட்டும் கண்டுபிடிப்பாள்.