சேவ் செய்த திருத்தம் எங்கே போனது? வெர்ஷன் எடிட்டிங் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஆர்க்ஜிஐஎஸ் மேப் மென்பொருளின் என்டர்பிரைஸ் ஜியோடேட்டாபேஸில், அதாவது மேப் டேட்டாவைச் சேமிக்கும் பொது டேட்டாபேஸில், பலர் சேர்ந்து எடிட் செய்யும்போது வரும் சிக்கல்கள். கடைசிக் கேள்வி மட்டும் பிராஞ்ச் வெர்ஷனிங் பற்றியது. மற்றவை பழைய டிரெடிஷனல் வெர்ஷனிங். வெர்ஷனிங் என்பது ஒரே டேட்டாவை ஆளுக்கொரு வெர்ஷனில் தனித்தனியாகத் திருத்திப் பிறகு ஒன்றுசேர்க்கும் முறை.

கேள்வி: காலையில் இருபது குடிநீர்க் குழாய்களை வரைந்து சேவ் செய்தேன். என் திரையில் இருக்கின்றன. பக்கத்து சீட்டுக்காரர் திரையில் ஒன்றுகூட இல்லை. எஸ்க்யூஎல்லில் டேபிளைத் திறந்து பார்த்தாலும் இல்லை. மறுபடி வரைய வேண்டுமா?

தயவுசெய்து வரையாதீர்கள். இருபதும் பத்திரமாக இருக்கின்றன.

ஒரு லேயரை வெர்ஷனாகப் பதிவு செய்ததும் அதன் அடிப்படை டேபிளோடு இன்னும் இரண்டு டேபிள்கள் சேர்ந்துகொள்கின்றன. புதிதாக வரைந்தது ஏ டேபிளுக்குப் போகும், அழித்ததற்கான குறிப்பு டி டேபிளுக்குப் போகும். இருப்பதைத் திருத்தினால் இரண்டிலும் ஒரு வரிசை விழும். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு ஸ்டேட் எண், அதாவது அது எந்தக் கட்டத்துத் திருத்தம் என்ற எண், இருக்கும். வெர்ஷன் என்பது டேட்டாவின் இன்னொரு நகல் அல்ல, ஒரு ஸ்டேட்டைச் சுட்டிக்காட்டும் பெயர், அவ்வளவுதான்.

உங்கள் வெர்ஷன் ஒரு ஸ்டேட்டைக் காட்டுகிறது, அவர் திறந்து வைத்திருக்கும் டீஃபால்ட், அதாவது எல்லோருக்கும் பொதுவான முதன்மை வெர்ஷன், வேறொன்றைக் காட்டுகிறது. நீங்கள் ரீகன்சைல் (டீஃபால்ட்டின் மாற்றங்களை உங்கள் வெர்ஷனுக்குள் கொண்டுவந்து ஒப்பிடுவது), போஸ்ட் (உங்கள் திருத்தங்களை டீஃபால்ட்டுக்கு அனுப்புவது) இரண்டையும் முடித்து, அவர் தன் திரையை ரிஃப்ரெஷ் செய்தால் குழாய்கள் தெரியும்.

எஸ்க்யூஎல் கதை வேறு. அங்கே நீங்கள் திறந்தது அடிப்படை டேபிள். போஸ்ட் செய்த பிறகும், தேவையற்ற ஸ்டேட்களை நீக்கி, திருத்தங்களை அடிப்படை டேபிளுக்கு நகர்த்தும் கம்ப்ரெஸ் ஓடும்வரை திருத்தம் அங்கே வராமல் இருக்கலாம். டேபிள் பெயரோடு இ.வி.டபிள்யூ. என்று முடியும் வெர்ஷன்டு வியூ ஒன்று இருக்கும், அதைத் திறங்கள். அது இயல்பாக டீஃபால்ட்டைக் காட்டும். உங்கள் வெர்ஷனைப் பார்க்க வேண்டுமானால் முதலில் அதை நடப்பு வெர்ஷனாக செட் செய்ய வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை க்யூஜிஐஎஸ் என்ற இன்னொரு மேப் மென்பொருளில் நேரடியாகத் திறப்பவர்களும் இந்த வியூவைத்தான் சேர்க்க வேண்டும்.

'காணவில்லை' என்று பதறி மறுபடி வரைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போஸ்ட் ஆனதும் ஒரே தெருவில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழாய்கள் கிடக்கும். மொத்த நீளக் கணக்கு ஏறிவிடும், யாருக்கும் காரணம் புரியாது.

கேள்வி: ரீகன்சைல் முடித்துவிட்டு சாப்பிடப் போனேன். வந்து போஸ்ட் கொடுத்தால் மறுபடி ரீகன்சைல் செய்யச் சொல்கிறது. பழுதா?

இல்லை. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வேறொருவர் டீஃபால்ட்டில் போஸ்ட் செய்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்துவிடுங்கள். எல்லோரும் மாலை ஐந்து மணிக்கே போஸ்ட் செய்யும் அலுவலகமாக இருந்தால் ஆளுக்கொரு நேரம் பிரித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: நான் ஒரு குழாயின் விட்டத்தை மாற்றினேன், சக ஊழியர் அதே குழாயின் மூலப்பொருளை மாற்றினார். ரீகன்சைலில் இது கான்ஃபிளிக்ட்டா, அதாவது மோதலா, இல்லையா? சில நாள் நான் தொடவே தொடாத பொருள்கள்கூடப் பட்டியலில் வருகின்றன.

நீங்கள் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 'ஆப்ஜெக்ட்' என்று வைத்தால் ஒரே வரிசையை இருவர் தொட்டாலே கான்ஃபிளிக்ட். 'ஆட்ரிபியூட்' என்று வைத்தால் அந்த வரிசையின் ஒரே ஃபீல்டை, அதாவது ஒரே நெடுவரிசையை, இருவரும் மாற்றினால்தான்.

இரண்டாவதில் தொல்லை குறைவு என்று பலரும் அதையே வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் கேள்வியிலேயே அதன் ஆபத்து இருக்கிறது. பழைய பதிவு 100 மி.மீ. வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் விட்டத்தை 150 ஆக்கினீர்கள். அவர் மூலப்பொருளை பிவிசி ஆக்கினார். ஃபீல்டுகள் வேறு, அதனால் எச்சரிக்கை எதுவும் வராது. ரீகன்சைல் முடிந்ததும் டேட்டாபேஸில் 150 மி.மீ. பிவிசி குழாய் ஒன்று இருக்கும். மண்ணுக்கடியில் அப்படி ஒரு குழாயை நீங்களும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. நாளை உடைப்பு என்று ஓடிவரும் ஃபிட்டர் அந்தப் பதிவை நம்பித்தான் உதிரிபாகத்தை எடுத்து வருவார். ஒன்றையொன்று சார்ந்த ஃபீல்டுகள் இருக்கும் லேயர்களுக்கு 'ஆப்ஜெக்ட்' முறைதான் என் தேர்வு, பட்டியல் நீளமாக வந்தாலும் பரவாயில்லை.

கான்ஃபிளிக்ட் ஜன்னலில் நான்கு மதிப்புகளைப் பார்க்கலாம்: இப்போது இருப்பது, ரீகன்சைலுக்கு முன் உங்களிடம் இருந்தது, எதிர்ப்பக்க வெர்ஷனில் இருப்பது, இருவரும் பிரியும் முன் இருந்த பொதுவான பழைய மதிப்பு. நான் முதலில் பார்ப்பது அந்தக் கடைசியைத்தான். யார் மாற்றினார்கள், யார் சும்மா விட்டார்கள் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். அப்புறமும் சந்தேகம் இருந்தால் எழுந்துபோய் அவரிடமே கேளுங்கள். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே கிளிக்கில் 'டார்கெட்' எனும் எதிர்ப்பக்க வெர்ஷனின் பக்கம் தள்ளிவிட்டால் ஒருவருடைய ஒருநாள் உழைப்பு சத்தமில்லாமல் போய்விடும்.

தொடாத பொருள்கள் வருவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். குழாயை நகர்த்தினால் அதோடு இணைந்த அன்னோட்டேஷனும் (மேப்பில் எழுதிய எழுத்தும்) நகரும். குழாய், வால்வு இணைப்புகளைப் பதியும் ஜியோமெட்ரிக் நெட்வொர்க்கில் இருந்தால் இணைந்த வால்வுகளும் திருத்தப்பட்டதாகக் கணக்காகும். மூன்றாவதுதான் நான் அதிகம் பார்ப்பது: யாரோ எதையும் செலக்ட் செய்யாமல் ஃபீல்டு கால்குலேட்டரை ஓட்டியிருப்பார்கள். மதிப்பு மாறாவிட்டாலும் லேயரில் உள்ள எல்லா வரிசையும் திருத்தப்பட்டதாகிவிடும்.

கேள்வி: பைதான் ஸ்கிரிப்ட் ஓட்டினால், எடிட் செஷனுக்கு வெளியே இந்த கிளாஸைத் திருத்த முடியாது என்று நிற்கிறது.

வரிசைகளைத் திருத்தும் அப்டேட் கர்சரைத் திறப்பதற்கு முன், ஆர்க்ஜிஐஎஸ்ஸின் பைதான் தொகுப்பான ஆர்க்பையின் டிஏ எடிட்டரைத் தொடங்குங்கள். ஸ்டார்ட் எடிட்டிங்கில் இரண்டாவது மதிப்பு மல்டியூசர் மோடு. வெர்ஷன் லேயருக்கு அது ட்ரூ, வெர்ஷன் இல்லாததற்கு ஃபால்ஸ். முடிக்கும்போது ஸ்டாப் எடிட்டிங்கில் ட்ரூ கொடுக்க மறக்காதீர்கள், ஃபால்ஸ் கொடுத்தால் அத்தனையும் சேவ் ஆகாமல் போகும். ஸ்கிரிப்டுக்குத் தனி வெர்ஷன் வையுங்கள். ஆள் எடிட் செய்துகொண்டிருக்கும் அதே வெர்ஷனில் ஸ்கிரிப்டும் எழுதினால், வெர்ஷன் வேறு ஸ்டேட்டுக்கு மாறிவிட்டது என்ற பிழை அவர் சேவ் செய்யும் நேரத்தில் வந்து நிற்கும்.

கேள்வி: ஒரு மேப் திறக்கவே நிமிடக் கணக்கில் ஆகிறது. வாரம் தவறாமல் கம்ப்ரெஸ் ஓட்டுகிறோம். பலன் இல்லை.

கம்ப்ரெஸ் ஓடியது என்பதும் கம்ப்ரெஸ் வேலை செய்தது என்பதும் ஒன்றல்ல. கம்ப்ரெஸ் லாக் டேபிளைத் திறந்து, தொடங்கும்போது எத்தனை ஸ்டேட், முடியும்போது எத்தனை என்று பாருங்கள். 9,000-ல் தொடங்கி 8,970-ல் முடிந்திருந்தால் ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது.

எந்த வெர்ஷனாவது சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கும் ஸ்டேட்டை கம்ப்ரெஸ் தொடாது. ஆகவே வெர்ஷன் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்குங்கள். வேலை மாறிப் போனவர் விட்டுச்சென்ற, வருடக் கணக்கில் ரீகன்சைல் ஆகாத வெர்ஷன் ஒன்று கட்டாயம் இருக்கும். உள்ளே என்ன மாற்றம் இருக்கிறது என்று பார்க்காமல் அதை நீக்காதீர்கள், போஸ்ட் ஆகாத நல்ல வேலையும் அதில் இருக்கலாம். ரெப்ளிகா (வேறோர் இடத்தில் வைத்த நகல்) இருந்தால் அதன் மறைவான வெர்ஷன்களும் ஸ்டேட்டைப் பிடித்து வைக்கும், சிங்க் ஓடினால்தான் விடும். இணைப்பில் இருப்பவர்களின் ஸ்டேட்டும் அப்படியே.

பழையதை முடித்து, எல்லோரையும் வெளியேறச் சொல்லி, ஜியோடேட்டாபேஸ் அட்மின் கணக்கில் கம்ப்ரெஸ் ஓட்டுங்கள். பிறகு இண்டெக்ஸ்களை மறுபடி கட்டி, டேட்டாபேஸின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் ஓட்டுங்கள். ஸ்டேட், லினியேஜ் (ஸ்டேட்களின் வம்சாவளி) ஆகிய சிஸ்டம் டேபிள்களையும் சேர்த்தே செய்யுங்கள். பலரும் விடுவது இதைத்தான்.

கேள்வி: புதிய ஆளுக்கு எஸ்க்யூஎல்லில் எல்லா உரிமையும் கொடுத்தேன். அவரால் திருத்த முடியவில்லை.

நீங்கள் கொடுத்தது அடிப்படை டேபிளுக்கு மட்டும், ஏ, டி டேபிள்களுக்குப் போகவில்லை. ஆர்க்ஜிஐஎஸ்ஸின் சேஞ்ச் பிரிவிலேஜஸ் கருவியில், டேபிளின் ஓனர் கணக்கிலிருந்து கொடுங்கள். அப்படியும் முடியாவிட்டால் அந்த வெர்ஷன் 'புரொடெக்டட்' ஆக இருக்கிறதா என்று பாருங்கள். அதை எல்லோரும் பார்க்கலாம், ஓனரும் ஜியோடேட்டாபேஸ் அட்மினும்தான் திருத்தலாம்.

கேள்வி: ஒரு ஃபீல்டு சேர்க்கப் போனால் பிழை 000464, ஸ்கீமா லாக் (டேபிள் அமைப்பை மாற்றத் தேவையான பூட்டு) கிடைக்கவில்லை என்கிறது. லேயரின் வெர்ஷன் பதிவை நீக்கி, அதாவது அன்ரெஜிஸ்டர் செய்துவிட்டுச் சேர்க்கலாமா?

கூடவே கூடாது. லேயர் வெர்ஷனில் இருக்கும்போதே ஃபீல்டு சேர்க்கலாம். இங்கே குறுக்கே நிற்பது லாக் மட்டும். அட்மின் ஜன்னலில் லாக் பட்டியலைப் பாருங்கள். மனிதர்கள் யாரும் இல்லையென்றால், அந்த லேயரைப் பயன்படுத்தும் மேப் சர்வீஸாக இருக்கும். அதை நிறுத்திவிட்டுச் சேர்த்து, மறுபடி தொடங்குங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இதே பிழைக்காக அன்ரெஜிஸ்டர் செய்தேன். டீஃபால்ட்டில் உள்ள திருத்தங்களை அடிப்படை டேபிளில் சேர்க்கவா என்று கேட்டது, ஆம் என்றேன். டீஃபால்ட்டில் இருந்தவை வந்தன. களப்பணியாளர்கள் மூன்று வாரம் வீடு வீடாக அலைந்து பதிந்த இணைப்புப் புள்ளிகள் அவர்களுடைய வெர்ஷன்களில், போஸ்ட் ஆகாமல் இருந்தன. அவை அத்தனையும் போயின. முந்தைய இரவின் பேக்கப் இருந்ததால் மீட்டோம். வெயிலில் கறுத்த முகத்தோடு ஒருவர் என் மேசைக்கு வந்து, 'நாங்க போட்ட பாயிண்ட் எல்லாம் எங்க சார்?' என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

கேள்வி: பிராஞ்ச் வெர்ஷனிங்குக்கு மாறினால் இதெல்லாம் தீருமா?

பாதி தீரும். ஏ, டி டேபிள்கள் கிடையாது, கம்ப்ரெஸ் கிடையாது. ஒவ்வொரு திருத்தமும் நேரக் குறிப்போடும் பிராஞ்ச் எண்ணோடும் ஒரே டேபிளில் புதிய வரிசையாக விழும், எனவே டேபிள் வளர்ந்துகொண்டே போகும். டேட்டாபேஸில் நேரடியாக அல்லாமல் ஃபீச்சர் சர்வீஸ் வழியாகத்தான் எடிட் செய்ய முடியும், அதற்கு ஆர்க்ஜிஐஎஸ் என்டர்பிரைஸ் என்ற சர்வர் மென்பொருளும் வேண்டும். ஜியோமெட்ரிக் நெட்வொர்க்குக்குப் பதிலாக வந்த யூட்டிலிட்டி நெட்வொர்க்குக்குப் போகிறீர்கள் என்றால் வேறு வழியே இல்லை. கான்ஃபிளிக்ட் அங்கேயும் வரும், அந்த 150 மி.மீ. பிவிசி குழாயை அங்கேயும் கவனிக்கத்தான் வேண்டும்.

பிராஞ்ச் முறையில் எல்லா வெர்ஷனும் நேராக டீஃபால்ட்டின் கீழேதான் இருக்கும். நடுவில் தரச்சோதனைக்கு ஒரு வெர்ஷன் வைத்து அதன் கீழ் எடிட்டர்களை அடுக்கியிருந்தால், அந்த ஏற்பாட்டை முதலில் மாற்றுங்கள். பிறகு எல்லாவற்றையும் ரீகன்சைல், போஸ்ட் செய்து, வெர்ஷன்களை நீக்கி, டீஃபால்ட் ஸ்டேட் 0-வுக்கு வரும்வரை கம்ப்ரெஸ் ஓட்டி, பேக்கப் எடுத்து, அந்த பேக்கப் திறக்கிறதா என்று இன்னொரு சர்வரில் திறந்து பார்த்துவிட்டு அன்ரெஜிஸ்டர் செய்யுங்கள்.