ஊசிக்கு அலறும் பையனுக்குச் சிலம்பம் உதவுமா?

காரைக்குடியில் சிலம்பம் பழகிய உங்கள் பையனுக்கு இப்போது மதுரையில் ரத்தப் புற்றுநோய் சிகிச்சை. ஊசி என்றாலே அலறுகிறான், கற்ற வித்தை கைகொடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கும். ஆனால் கம்பு சுற்றுவதல்ல, நின்று மூச்சை நிதானப்படுத்துவது இருக்கிறதே, அதுதான்.

அமெரிக்காவின் மிச்சிகனில் 1999-ல் எலிமெலெக் கோல்ட்பர்க் என்ற யூத மதகுரு தொடங்கிய ‘கிட்ஸ் கிக்கிங் கேன்சர்’ என்ற தொண்டு அமைப்பு நோயுற்ற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. மகளை இதே நோய்க்குப் பறிகொடுத்தவர், தற்காப்புக் கலையில் கருப்புப் பட்டை வாங்கியவர்.

மூக்கால் இழுத்து, தோளைத் தொங்கவிட்டு, வாயால் மெதுவாக விட வேண்டும். விடும் மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும், தசை இளகும். கை விறைக்காவிட்டால் நர்ஸுக்கும் வேலை சுலபம். ஊசி அன்றைக்குப் புதிதாகத் தொடங்காதீர்கள். முன்கூட்டியே வீட்டு வளவில் உட்கார்ந்து பழகட்டும். அவனையே வாத்தியாராக்கி ஆயாவுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். அந்த அமைப்பிலும் பிள்ளைகள்தான் பெரியவர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். பயம் பாதி அதிலேயே போய்விடும் என்பது என் எண்ணம்.

அதற்காக மருந்தை விட்டுவிடக் கூடாது. ஊசி போடும் இடம் மரத்துப்போகக் களிம்பு உண்டு, கேளுங்கள். அப்புறம், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது சின்ன அடியும் ரத்தக்கசிவாகும். டாக்டர் சரி என்னும்வரை கம்பு பரணிலேயே இருக்கட்டும்.